உருளும் வீட்டில் ஒரு மடக்கு மேசை

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றுவதை ஒரு முறையாவது நின்று பார்த்திருப்பீர்கள். பீரோ, கட்டில், அண்டா, குண்டான் எல்லாம் ஏறிய பின் மேசை வரும். ஏற்றுகிற தொழிலாளி அதைக் கால்களின் மேல் நிறுத்தி வைப்பதில்லை. தலைகீழாகக் கவிழ்த்து, நான்கு கால்களும் வானத்தைப் பார்க்கும்படி வைப்பார். பிறகு கயிற்றைக் காலுக்குக் கால் சுற்றி, முழங்காலால் அழுத்தி இறுக்குவார். ஏன் இப்படி என்று கேட்டுப் பாருங்கள். "நிமிர்த்தி வெச்சா நிக்காதுங்க" என்று ஒரே வரியில் பதில் வரும். ஈர்ப்பு மையத்தைப் பற்றியும் நிலைமத்தைப் பற்றியும் பாடநூல்கள் பல பக்கங்களில் சொல்வது அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

லாரி ஒரு நாள் ஓடினால் போதும். மேசை புது வீட்டில் இறங்கிவிடும். ஆனால் வீடே சக்கரங்களின் மேல் ஏறி ஊர் ஊராக ஓடுவதென்றால்? காலையில் மேசையை விரித்து உண்ண வேண்டும். உண்டு முடித்ததும் மடக்கிக் கட்ட வேண்டும். மாலையில் வேறோர் ஊரில் மீண்டும் விரிக்க வேண்டும். நம்மூரில் 'கேரவன்' என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் சாதாரணக் குடும்பங்கள் விடுமுறைக்குத் தம் காரின் பின்னே கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீட்டுக்குத்தான் அந்தப் பெயர். அதற்குள் அடுப்பு உண்டு, படுக்கை உண்டு, உடைகள் வைக்கும் அலமாரி உண்டு. இவற்றில் பெரும்பாலானவை சுவரோடும் தரையோடும் சேர்த்துப் பொருத்தப்பட்டவை. மேசை மட்டும் பெரும்பாலும் தனித்து நிற்பது, மடங்குவது, இடம் மாறுவது. ஆகவே ஓட்டத்தில் தொல்லை தருவதும் அதுதான்.

ஒரு குடும்பம் 300 கிலோமீட்டர் பயணம் செய்து, மழை பெய்யும் இரவில் முகாமை அடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தை கேரவனின் கதவைத் திறந்து விளக்கைப் போடுகிறார். புறப்படும்போது சுவரில் சாய்த்து வைத்த மேசை தரையில் குறுக்கே கிடக்கிறது. அடுப்பின் கண்ணாடிக் கதவு நொறுங்கியிருக்கிறது. எதிர்ச் சுவரின் மெல்லிய ஒட்டுப்பலகையில் மேசையின் மூலை ஒரு குழியைத் தோண்டியிருக்கிறது. வழியில் யாருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, ஏனெனில் காரால் இழுக்கப்படும் கேரவனுக்குள் ஆட்களை ஏற்றிச் செல்வதைப் பிரிட்டனின் சட்டம் அனுமதிப்பதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற, கண்காணிக்க ஆளில்லாத ஓர் அறை அது. அந்த அறையில் ஒரு மேசையைச் சும்மா இருக்கச் செய்வது எப்படி? இந்தச் சிறிய கேள்விக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கம் சாலையில் இல்லை, கடலில் இருக்கிறது.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 'விக்டரி' என்னும் போர்க்கப்பல் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1765-ல் நீரில் இறக்கப்பட்ட கப்பல் இது. 1805-ல் டிரபால்கர் போரில் நெல்சனின் தலைமைக் கப்பலாக இருந்தது. ஏறக்குறைய 800 பேர் அதில் வாழ்ந்தார்கள். எங்கே உண்டார்கள் தெரியுமா? பீரங்கிகளுக்கு நடுவிலே. இரண்டு பீரங்கிகளுக்கு இடையே ஒரு பலகை மேசை. அதற்குத் தரையை ஊன்றி நிற்கும் கால்கள் கிடையாது. ஒரு முனை கப்பலின் பக்கச் சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். மறு முனையை மேல்தள உத்திரத்திலிருந்து தொங்கும் கயிறு தாங்கும். போர் முரசு ஒலித்தால் சில நிமிடங்களில் மேசைகள் மறைந்துவிடும். பீரங்கிகள் பின்வாங்கி அசைய இடம் வேண்டுமே! உண்பதற்கு விரிப்பது, ஓட்டத்துக்கு மடக்குவது என்னும் இரட்டை வேடத்தை மேசை பழகிக்கொண்ட இடங்களில் அந்தப் பீரங்கித் தளமும் ஒன்று.

அதே தளத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. பெரிய பீரங்கி ஒன்றின் எடை ஏறக்குறைய 3 டன். அது சக்கரங்களின் மேல் நிற்பது. புயலில் அதன் கட்டு அறுந்தால் உருண்டோடி, வழியில் நிற்பவர்களை நசுக்கிக் கப்பலின் பக்கத்தையே உடைத்துவிடும். ஆகவே கடலோடிகள் எந்தப் பொருளையும் 'கனமானது, தானாக நகராது' என்று நம்பியதில்லை. கனம் கூடக் கூடக் கட்டும் வலுக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட உண்மை.

பயணிகள் கப்பல்களில் சிக்கல் வேறு வகை. அங்கே உணவு மேசைகள் தரையோடு முடுக்கப்பட்டிருந்தன. நகர்ந்தவை தட்டுகளும் கோப்பைகளும்தான். அலை மிகும் நாளில் பணியாளர்கள் மேசைவிரிப்பைத் தண்ணீரில் நனைத்து விரிப்பார்கள். ஈரத் துணியில் பீங்கான் எளிதில் வழுக்காது. இன்னும் குலுங்கினால் மேசையின் ஓரத்தில் உயர்ந்த சட்டங்களைப் பொருத்துவார்கள். அந்தச் சட்டத்துக்கு ஆங்கில மாலுமிகள் இட்ட பெயர் 'பிடில்'. ஆம், நம் கச்சேரி பிடில்தான். முற்காலத்தில் சிறிய மரக்கட்டைகளின் மேல் கயிறுகளை இழுத்துக் கட்டி இந்தத் தடுப்பைச் செய்தார்கள். பார்வைக்கு அது குதிரைமேல் தந்தி ஏற்றிய வாத்தியம்போல் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. இன்றும் பாய்மரப் படகுகளின் மேசை விளிம்பிலும் அடுப்பின் விளிம்பிலும் இந்தச் சட்டத்தைக் காணலாம்.

தட்டைத் தடுத்தால் போதும் என்று மாலுமிகள் நினைத்தபோது, மேசையோடு அறையையே அசையாமல் நிறுத்திவிடலாம் என்று ஒருவர் எண்ணினார். அவர் சாதாரண மனிதர் அல்லர். உருக்குச் செய்முறைக்காகப் பாடநூல்களில் நாம் படிக்கும் அதே ஹென்றி பெஸ்ஸிமர். 1868-ல் கலே துறைமுகத்திலிருந்து டோவர் வந்த பயணத்தில் கடல் நோயால் அவர் படாதபாடு பட்டார். வெறுப்போடு நின்றுவிடாமல், கப்பலுக்குள்ளே தனியாகத் தொங்கும் ஒரு கூடத்தை வடிவமைத்தார். கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் கூடம் சமமாக இருக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் அது தானே சமநிலை கொள்ளும் பொறி அன்று. பணியாளர் ஒருவர் ரசமட்டக் குழாயைப் பார்த்தபடியே நீரியல் அழுத்தப் பொறியின் நெம்புகோலை இயக்கிக்கொண்டிருக்க வேண்டும்! 70 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட அந்தக் கூடத்தைத் தாங்கிய கப்பல் 1875-ல் ஓடத் தொடங்கியது. கப்பலின் பெயரும் 'பெஸ்ஸிமர்' தான்.

முடிவு என்னவாயிற்று? முதல் பயணத்திலேயே கலே துறைமுகத் தூண்களில் மோதித் துடுப்புச் சக்கரம் சேதமடைந்தது. 1875 மே 8 அன்று பொதுமக்களுடன் சென்ற பயணத்தில், கூடத்தை அசையாமல் பூட்டி வைத்துக்கொண்டே போனார்கள். அப்படியும் கப்பல் மீண்டும் துறைமுகப் பாலத்தில் மோதி அதன் ஒரு பகுதியைத் தகர்த்தது. அடுத்த ஆண்டே நிறுவனம் மூடப்பட்டது. கூடத்தை மட்டும் பிரித்தெடுத்து, கப்பலை வடிவமைத்த எட்வர்டு ரீட் தம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பில்லியர்ட்ஸ் அறையாக்கிக்கொண்டார். பந்து உருளாமல் நிற்கும்படி மேசை கடுகளவும் சாயாதிருக்க வேண்டிய ஆட்டம் அது. கடலில் சமநிலை காணாத அறை தரையில்தான் அதைக் கண்டது. பெஸ்ஸிமரை எள்ளுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பெரிய மூளை பெரிய பொறியைத் தேடிப் போன இடத்தில், பெயர் தெரியாத பணியாளர்களின் ஈரத் துணி இன்னும் பல ஆண்டுகள் வேலை செய்தது என்பது என் மனத்தில் தங்கிவிட்ட செய்தி.

இனிச் சாலைக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இங்கிலாந்தின் ரோமானி மக்கள் குதிரை இழுக்கும் வீட்டு வண்டிகளில் வாழத் தொடங்கினார்கள். 'வார்டோ' என்று அவற்றைச் சொல்வார்கள். அவற்றின் உள்ளமைப்பைக் கவனித்தால், ஒவ்வொரு பொருளின் இடத்தையும் சாலையே தீர்மானித்திருப்பது புரியும். முன்வாசலில் நுழைந்தால் அடுப்பு இடக்கைப் பக்கம் இருக்கும். ஏன்? பின்னோக்கி நுழைகிற நமக்கு இடக்கை என்பது ஓடுகிற வண்டிக்கு வலப்பக்கம். வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்லும் நாட்டில் வலப்பக்கம் சாலையின் நடுப்பக்கமாகும். அடுப்பின் புகைபோக்கி ஓர மரங்களின் கிளைகளில் இடிபடாமலிருக்க அதுவே தக்க இடம். இருக்கைகளே பெட்டிகளாக இருந்தன. இழுப்பறைப் பெட்டியின் மேற்பலகையே மேசையாகவும் உதவியது. கனமான பெட்டி, வண்டியோடு சேர்ந்த பெட்டி; அதைத் தனியே கட்ட வேண்டிய தேவையே இல்லை. தனி மேசையை வைத்துக்கொண்டு அதைக் கட்டுவதைவிட, ஏற்கெனவே கட்டுண்டிருக்கும் ஒன்றை மேசையாக்குவது புத்திசாலித்தனம் அல்லவா?

உல்லாசப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட கேரவனின் கதை 1885-ல் தொடங்குகிறது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் தமக்காக 'வாண்டரர்' என்னும் வண்டியைச் செய்துகொண்டார். மகாகனி, மேப்பிள் மரங்களால் இழைத்துச் செய்த வண்டி. பளு ஏற்றினால் 2 டன்னை நெருங்கும். இரண்டு குதிரைகள் இழுத்தன. டுவைபோர்டு என்னும் தம் ஊரிலிருந்து அவர் வடக்கே இன்வர்னெஸ் வரை சென்றார். 1886-ல் வெளிவந்த அவருடைய பயண நூலின் தலைப்பே கேரவனில் 1300 மைல் சென்றதைச் சொல்கிறது. அதே தலைப்பு அந்த வண்டியை 'நிலப் படகு' என்றும் அழைக்கிறது. இது வெறும் கவிநயம் அன்று. ஸ்டேபிள்ஸ் அரசுக் கடற்படையில் மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். சிறிய அறை ஒன்றில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் என்னும் கப்பல் ஒழுக்கம் சக்கர வீட்டுக்கு வந்து சேர்ந்தது இப்படிப்பட்டவர்களின் வழியாகத்தான். 1907-ல் பிரிட்டனில் கேரவன் கழகம் தொடங்கியபோது அவர் அதன் துணைத்தலைவர்களுள் ஒருவரானார். 'வாண்டரர்' இன்றும் இங்கிலாந்தில் பேணிக் காக்கப்படுகிறது.

குதிரை நடக்கும் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் அளவு. அந்த வேகத்தில் வண்டி சட்டென்று நின்றாலும் மேசை பறக்காது. தொல்லை தருவது ஆட்டமும் சத்தமும்தான். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் கல் பாவிய தெருவில் ஏறினால் ஒவ்வொரு கோப்பையும் கிலுகிலுக்கும். ஆனால் 1919-ல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு பர்மிங்காம் நகரில் ரைலி என்னும் தந்தையும் மகனும் தம் 'எக்கிள்ஸ்' நிறுவனத்தில், கார் இழுக்கும் கேரவனை விற்பனைக்காகச் செய்யத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் 1931-ல் அரிஸ்ட் டெத்லெப்ஸ் என்பவர், ஓவியரான தம் வருங்கால மனைவியோடு பயணம் செல்வதற்காக அந்நாட்டின் முதல் கார்க் கேரவனைச் செய்தார். குதிரை போய்க் கார் வந்தது. வேகம் 5-லிருந்து 80 ஆனது என்று கொண்டால், அது 16 மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைச் சார்ந்தது என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். ஆக, அதே மேசை தன்னுள் சுமந்து செல்லும் ஆற்றல் 256 மடங்கு!

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். தயங்க வேண்டாம், எளிய கணக்குதான். கார் ஓட்டுநர் அவசரமாகத் தடையை அழுத்துகிறார். நல்ல சாலையில் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 7 மீட்டர் வீதம் குறையும் எனக் கொள்வோம். 10 கிலோ எடையுள்ள மேசை அப்போது 70 நியூட்டன் விசையோடு முன்னோக்கி உந்தும். அதாவது 7 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற இழுப்பு. இதைத் தாங்கச் சாதாரண நாடா போதும். ஒரு சிறுவன்கூடப் பிடித்துவிடுவான்.

ஆனால் நாடா தளர்ந்திருந்தால்? மேசைக்கும் நாடாவுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்ளுங்கள். உராய்வை விட்டுவிடுவோம். தடை போட்டவுடன் மேசை அந்த 10 சென்டிமீட்டரைத் தடையின்றிக் கடந்து, விநாடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் வேகத்தைப் பெற்று நாடாவில் விழுகிறது. நாடாவும் அதன் கொக்கியும் அரை சென்டிமீட்டர்தான் விட்டுக்கொடுக்கும் என்றால், 10 சென்டிமீட்டரில் சேர்த்த ஆற்றலை அரை சென்டிமீட்டரில் செலவழிக்க வேண்டும். விசை 20 மடங்காகும்! 7 கிலோ இழுப்பு 140 கிலோ இழுப்பாகிவிடும். கொக்கியைப் பிடித்திருக்கும் திருகாணிகளோ சில மில்லிமீட்டர் கனமே உள்ள ஒட்டுப்பலகையில் இறங்கியவை. எடையைக் குறைப்பதற்காகக் கேரவனின் சுவர்களை அப்படி மெலிதாகத்தான் செய்கிறார்கள். பலகையின் பின்னால் ஒரு மரக்கட்டை வைத்துத் திருகாணியை அதில் இறக்கியிராவிட்டால் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். 'தடித்த நாடாவாகத்தானே போட்டேன், எப்படிப் பிய்ந்தது?' என்று வியப்பவர்கள் நாடாவின் தடிப்பைப் பார்த்தார்கள், தளர்வைப் பார்க்கவில்லை. லாரித் தொழிலாளி முழங்காலால் அழுத்துவது எதற்கென்று இப்போது விளங்கும். இழுபடும் ரப்பர் கயிறும் இந்த வகையில் நம்பத்தக்கதன்று. அது மேசையை முதலில் ஓட விட்டுவிட்டுத்தான் பிறகு பிடிக்கிறது.

தடை போடுவது அரிதாக நடப்பது. அதிர்வோ ஓயாமல் நடப்பது. வண்டியின் அச்சும் சக்கரமும் சாலை மேடுபள்ளங்களால் விநாடிக்குப் பத்து முறை அளவில் துடிக்கக்கூடியவை. ஐந்து மணிப் பயணத்தில் முழு நேரமும் அப்படித் துடித்தால் ஒரு கொக்கி 1,80,000 முறை குலுக்கப்படும். இதில் எந்த அமைப்பு தாக்குப்பிடிக்கும், எது தோற்கும் என்பதில்தான் மடக்கு மேசையின் நுட்பம் இருக்கிறது.

கேரவன் மேசைகளில் மிகப் பரவலான ஒரு வகையைப் பாருங்கள். சுவரில் ஓர் உலோகத் தண்டவாளம் இருக்கும். மேசையின் ஒரு விளிம்பு அதில் கொக்கிகளால் தொங்கும். மறு பக்கத்தைத் தாங்க மடங்கும் கால் ஒன்று. மேசையை எடுக்க வேண்டுமானால் விளிம்பைச் சற்று மேலே தூக்கினால் போதும், கொக்கி விடுபடும். அழகான அமைப்பு. ஆனால் இதைப் பூட்டியிருப்பது எது? மேசையின் சொந்த எடை மட்டுமே. கேரவன் ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது அதன் தளம் கீழ்நோக்கி விரைகிறது. அந்த முடுக்கம் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டரைத் தாண்டினால், அந்தக் கணத்தில் மேசை எடையற்றதாகிவிடுகிறது. தண்டவாளம் கீழே இறங்குகிறது. மேசை மேலேயே நிற்கிறது. நீங்கள் கையால் தூக்கி எடுப்பதும் சாலை தூக்கி எடுப்பதும் கொக்கிக்கு ஒன்றுதான்! பேருந்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பயணம் செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கேரவனிலும் அச்சிலிருந்து தள்ளிப் போகப் போகத் தூக்கல் மிகும். ஆகவே இந்த வகை மேசையை விரித்த நிலையில் விட்டுவிட்டுப் புறப்படக் கூடாது.

அடுத்தது, மடக்கிய மேசையைச் சுவரோடு நிறுத்திப் பிடிக்கும் சுழற்கட்டை. நம் வீட்டுப் பழைய மர அலமாரிகளில் கதவைச் சாத்திவிட்டு ஒரு சிறு கட்டையைக் குறுக்கே திருப்பிவிடுவார்களே, அதேதான். ஒரே திருகாணியில் சுழலும் அந்தக் கட்டையைத் தவறான திசையில் பொருத்தினால் குலுங்கிக் குலுங்கித் தன் எடையாலேயே கீழே திரும்பித் தானே திறந்துகொள்ளும். தொங்கும் நிலையே பூட்டிய நிலையாக இருக்கும்படி பொருத்தினால் அதே எடை அதைப் பூட்டியே வைத்திருக்கும். பொருள் ஒன்று, விலை ஒன்று. வேறுபாடு தச்சரின் யோசனையில் மட்டும்தான்.

மரையாணிகளின் நிலை என்ன? மேசைக்காலின் கீலை இறுக்கும் மரை தளர்ந்தால் கால் தானாக விரிந்துகொள்ளும். அதிர்வில் மரை ஏன் கழல்கிறது என்பது நெடுங்காலம் தெளிவாகாமல் இருந்தது. ஆணியின் நீளவாக்கில் வரும் இழுப்புதான் காரணம் என்று பலர் எண்ணியிருந்தார்கள். 1969-ல் கெர்ஹார்ட் யுங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலறிஞர், ஆணிக்குக் குறுக்காக வரும் அசைவே அதைவிட மிகப் பெரிய காரணம் என்று சோதனையால் காட்டினார். இறுக்கப்பட்ட இரு பரப்புகளும் பக்கவாட்டில் வழுக்கும் ஒவ்வொரு முறையும், மரையைப் பிடித்திருந்த உராய்வு ஒரு கணம் தன் பிடியை இழக்கிறது. மரை மயிரிழை அளவு திரும்புகிறது. ஒரு மயிரிழையை ஆயிரக்கணக்கான முறை பெருக்கிப் பாருங்கள். நைலான் வளையம் பதித்த மரைகள் உராய்வுக்கு வேறோர் இடத்தைத் தருவதால் முற்றிலும் கழன்று விழாமல் நிற்கின்றன.

நல்ல பூட்டு என்பது சாலை எந்தத் திசையில் இழுத்தாலும் திறக்காதது. மனிதன் வேண்டுமென்றே செய்யும் வேறொரு அசைவுக்கு மட்டும் திறப்பது. கதவுகளிலும் மேசைகளிலும் இன்று காணும் அழுத்துப் பொத்தான் கொண்டி அத்தகையது. நெம்புக் கொண்டி இன்னொரு வகை. சில டிபன் கேரியர்களின் பக்கவாட்டில் உள்ள கொக்கியை மாட்டிக் கீழே அழுத்தினால், நடுக்கோட்டைத் தாண்டியதும் 'டக்' என்று தானாகவே இறுகிக்கொள்ளும் அல்லவா? உள்ளிருந்து மூடியை எவ்வளவு தள்ளினாலும் அது மேலும் இறுகவே செய்யும். சாம்பாரைச் சிந்தாமல் காக்கும் அதே இயக்கவியல் மேசையையும் காக்கிறது. தளர்வை அதுவே விழுங்கிவிடுவதால், முன்பு நாம் கணக்கிட்ட 10 சென்டிமீட்டர் ஓட்டத்துக்கும் இடமிருப்பதில்லை.

இன்னொரு வழி, மேசையை வேறு பொருளாக மாற்றிவிடுவது. எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவே மேசைப்பலகையைத் தாழ்த்தி, மேலே மெத்தைகளைப் பரப்பினால் கட்டில். தாழ்ந்த நிலையில் நான்கு பக்கமும் இருக்கைச் சட்டங்கள் அணைத்துக்கொள்வதால் அது ஓட இடமில்லை. 1957-ல் எர்வின் ஹைமரும் எரிக் பாகெமும் சேர்ந்து ஜெர்மனியில் செய்த சிறிய கேரவன்களும் இவ்வாறு ஒரே இடத்தைப் பகலுக்கும் இரவுக்கும் பயன்படுத்தின. இந்தப் பாகெம், இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் செங்குத்தாக ஏவப்படும் ராக்கெட் விமானம் ஒன்றை வடிவமைத்தவர்! ஒரு கிராமும் ஓர் அங்குலமும் வீணாகாமல் பார்க்கும் பழக்கம் விமானத்திலிருந்து விடுமுறை வண்டிக்கு இறங்கியது.

விமானம் என்றதும் நினைவுக்கு வருகிறது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் முன் இருக்கையின் முதுகிலுள்ள மேசைப்பலகையை மூடச் சொல்வார்கள். பலரும் அதை ஒரு சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். தப்பி ஓட வழி வேண்டும் என்பது ஒரு காரணம். வயிற்றுக்கு நேரே ஒரு விளிம்பு நிற்கக் கூடாது என்பது இன்னொன்று. பெரிய பயணி விமானங்களில் அறைக்குள் இருக்கும் பொருள்கள் முன்னோக்கி ஈர்ப்பு முடுக்கத்தின் 9 மடங்கையும், மேல்நோக்கி 3 மடங்கையும் தாங்கி இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. சாலையில் லாரிப் பளுவைக் கட்டுவதற்கான ஐரோப்பியக் கணக்கோ முன்னோக்கி 0.8 மடங்கு, பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 மடங்கு என்கிறது. முதலாவது விபத்தை மனத்தில் கொண்டது. இரண்டாவது சாதாரண ஓட்டத்தை. இரண்டுக்கும் நடுவிலுள்ள பெரிய இடைவெளியைக் கவனியுங்கள். கேரவனில் கட்டும் நாடா தடை போடுவதற்குத் தாங்கும். மோதலுக்குத் தாங்கும் என்று யாரும் உறுதி தர இயலாது. ஆளில்லாத கேரவனில் இதனால் நட்டம் பொருளோடு போய்விடும். ஆனால் ஓட்டுநரும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் அமரும் வீட்டு வேன்களில் மேசை இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே தளர்ந்த கொண்டி என்பது உயிர் தொடர்பான செய்தி.

அப்படியானால் எவ்வளவு உறுதியாகக் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று முடிவு செய்துவிடலாமா? அதற்கும் ஒரு தடை உண்டு. 2002 ஏப்ரல் 23 அன்று அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பிளசென்ஷியா என்னும் ஊரில் நின்றிருந்த பயணி ரயில் மேல் சரக்கு ரயில் மோதியது. மேசை துளியும் நகரவில்லை, நன்றாகவே பொருத்தியிருந்தார்கள். அதன் எதிரே அமர்ந்திருந்தவர்கள்தாம் நகர்ந்தார்கள். மேசையின் கடினமான விளிம்பு வயிற்றில் தாக்கி உயிரிழப்பு நேர்ந்தது. அதன் பின் ஆராய்ச்சியாளர்கள், மோதலில் ஓரம் நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ளும், ஆனால் தன் இடத்தை விட்டுக் கழலாத மேசையை உருவாக்கிச் சோதித்தார்கள். ஆள் அருகில் இல்லாத மேசையைக் கல்லாகக் கட்டலாம். ஆள் எதிரே அமரும் மேசை சற்று விட்டுக்கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

கேரவனுக்குத் திரும்புவோம். மேசையை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பின்கோடியில் கிடக்கும் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் வாலை ஆட்டும் கையாகிறது. கேரவனின் முன் கொக்கியில் காரை அழுத்தும் எடை, மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் வழங்கும் அறிவுரை. பின்கோடியில் பளு சேர்ந்தால் அது குறைந்துவிடும். பாத் பல்கலைக்கழகத்தார் 2009-ல் வெளியிட்ட சோதனை முடிவுகளும், பளு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதும் முன்கொக்கி எடையும் வேகத்தில் கேரவன் பாம்புபோல் நெளிவதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று காட்டின. 10 கிலோ மேசை ஒன்றால் மட்டும் 1200 கிலோ கேரவன் நெளிந்துவிடாது. ஆனால் மேசை போன இடத்துக்குத்தான் நாற்காலியும் போகும், தண்ணீர்க் குடமும் போகும். ஆகவே அனுபவசாலிகள் மேசையை மடக்கித் தரையில் படுக்க வைத்து, அச்சுக்கு நேரே, இரு இருக்கைகளின் நடுவே அடைத்துவிடுகிறார்கள். அல்லது அதற்கென்றே அலமாரியின் ஓரத்தில் அமைந்த குறுகிய பொந்தில் செருகி, மேலே ஒரு வாரைக் குறுக்காக இழுத்து இறுக்குகிறார்கள். மேசைக்கும் பொந்துக்கும் நடுவில் ஒரு பழைய போர்வையைத் திணிப்பவர்களும் உண்டு. அது கீறலைத் தடுப்பதற்காக என்று அவர்கள் சொல்வார்கள். தளர்வைத் தின்பதுதான் அதன் பெரிய தொண்டு என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் பழகிய கேரவன்காரர் ஒரு காரியம் செய்வார். புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் வண்டியை ஓரங்கட்டுவார். மூலையில் மடிந்து கிடக்கும் நாடா தன் இடத்தில் அமர்வதும், ரப்பர் நெகிழ்வதும், கொண்டி தன் குணத்தைக் காட்டுவதும் அந்தத் தொலைவுக்குள் நடந்துவிடும். இறங்கி வந்து பின்கதவைத் திறந்து, உள்ளே ஏறாமலே கையை நீட்டி மேசையின் விளிம்பைப் பிடித்து இருமுறை உலுக்கிப் பார்ப்பார். அது ஆடினால் வாரை இன்னொரு துளை இறுக்குவார். ஆடாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தபடி காருக்குத் திரும்புவார்.